75% ஸ்காலர்ஷிப் கடிதம்: வாங்கலாமா, கவுன்சிலிங் சீட்டுக்குக் காத்திருக்கலாமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்திலிருந்து தண்டையார்பேட்டை, எண்ணூர், வியாசர்பாடிப் பக்கம் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் போன் ஓயாது. "உங்க பொண்ணுக்கு 75 பர்சென்ட் ஸ்காலர்ஷிப் சாங்ஷன் ஆயிடுச்சும்மா, நாளைக்குள்ள பத்தாயிரம் கட்டி சீட்டை பிளாக் பண்ணிடுங்க" என்பார்கள். அடுத்த பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் பெயர் அச்சிட்ட ஒரு கடிதம் வரும். தனியார் பல்கலைக்கழகங்கள் தருகிற அந்த மெரிட் ஸ்காலர்ஷிப் கடிதத்தைத்தான் இங்கே ஒரு பொருளாக வைத்து எடை போடுகிறோம். எதிர்த்தட்டில் இருப்பது, பிள்ளை உண்மையில் ஆசைப்படுகிற, ஆனால் செலவு கூடுதலான கல்லூரியில் அரசின் பொறியியல் கவுன்சிலிங் வழியாகக் கிடைக்கக்கூடிய இடம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முழு டியூஷன் ஃபீஸும் விலக்கு, நான்கு ஆண்டுக்கும் எழுத்தில் உத்தரவாதம், அரியர் இல்லாமல் தேறினால் போதும் என்ற நிபந்தனை: இப்படி ஒரு கடிதம் வந்தால் தாராளமாக வாங்கலாம். 75 சதவீதமோ அதற்குக் கீழோ, கூடவே 8.5 சிஜிபிஏ (பத்துக்குக் கணக்கிடுகிற சராசரிப் புள்ளி) நிபந்தனை என்றால் அதை ஸ்காலர்ஷிப் என்றே எண்ண வேண்டாம். எம்.சி. ரோடு கடைகளில் ஆடி மாதம் விலையை ஏற்றி எழுதி, அதன்மேல் தள்ளுபடி போடுவது போலத்தான் அது.

சதவீதம் எதன்மீது என்பதுதான் முதல் கேள்வி. ஆண்டு டியூஷன் ஃபீஸ் 3,20,000 என்று போட்டிருக்கிற இடத்தில் 75% கழித்தால் மீதி 80,000. கவுன்சிலிங்கில் சுயநிதிக் கல்லூரிக்கு அரசு ஒதுக்கீட்டு இடத்தில் 2017-இல் கட்டண நிர்ணயக் குழு வைத்த டியூஷன் ஃபீஸ் 50,000, அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. முக்கால்வாசியைத் தள்ளுபடி செய்த பிறகும் அங்கே கட்டுவது கூடுதல். 'எவ்வளவு குறைத்தார்கள்' என்று பார்ப்பதை விட்டு 'எவ்வளவு கட்டப் போகிறோம்' என்று பார்க்கத் தொடங்கினாலே பாதிக் கடிதங்கள் தானாகக் கழன்றுவிடும்.

அடுத்தது, விலக்கு டியூஷன் ஃபீஸுக்கு மட்டும்தானா என்பது. கிட்டத்தட்ட எல்லாக் கடிதத்திலும் அப்படித்தான். தேர்வுக் கட்டணம், ஆய்வகம், பிளேஸ்மென்ட் ட்ரெய்னிங், லேப்டாப் அல்லது சாஃப்ட்வேர் கட்டணம், சீருடை, காப்புத்தொகை, பஸ் எல்லாம் தனி. நூறு சதவீதம் கிடைத்த பிள்ளையும் ஆண்டுக்குக் கணிசமாகக் கட்டும். அதனால் "டியூஷன் தவிர நான்கு வருடத்துக்கும் என்னென்ன கட்டணும், லெட்டர்ஹெட்டில் போட்டுக் கொடுங்க" என்று கேளுங்கள். தருகிற கல்லூரிகள் இருக்கின்றன. "அதெல்லாம் நாமினல்தான் சார்" என்று சிரித்து மழுப்பினால் அங்கேயே ஒரு மதிப்பெண் குறைத்துவிடலாம்.

சலுகையைச் சதவீதத்தில் தராமல் "ஆண்டுக்கு 1,00,000 ரூபாய் விலக்கு" என்று தொகையாகத் தருபவர்களும் உண்டு. பார்க்க நேர்மையாக இருக்கும். ஆனால் ஃபீஸ் ஆண்டுதோறும் ஏறினால் ஏற்றம் முழுவதும் உங்கள் தலையில்தான் விழும். சதவீதமாக இருந்தால் ஏற்றத்திலும் பங்கு கழியும். கடிதத்தில் "அவ்வப்போது நிர்ணயிக்கப்படும் கட்டணம்" என்ற சொற்றொடர் இருந்தால் ஃபீஸ் ஏறும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நிபந்தனை. இந்தப் பொருள் பழுதாவது பெரும்பாலும் இங்கேதான். 8.5 சிஜிபிஏ என்று கேட்டதும், பிளஸ் டூவில் 570 வாங்கிய பிள்ளைக்கு இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் ஓ கிரேடுக்கு 10 புள்ளி, ஏ பிளஸுக்கு 9, ஏ-க்கு 8, பி பிளஸுக்கு 7, பி-க்கு 6, சி-க்கு 5. முதல் செமஸ்டரில் மொத்தம் 22 கிரெடிட், அதாவது பாடங்களுக்குத் தருகிற எடை. அதில் கணிதம் மட்டும் 4. சராசரி 8.5 வர 187 புள்ளிகள் வேண்டும். கணிதத்தில் பி வாங்கினால் அதில் வருவது 24. மீதி 163 புள்ளிகளை மற்ற 18 கிரெடிட்டில் எடுக்க வேண்டும். அதாவது இயற்பியல், வேதியியல், பைத்தான், ஆங்கிலம், லேப் எல்லாவற்றிலும் சராசரி 9-க்கு மேல். கணிதத்தில் சி என்றால் மற்றவற்றில் 9.28 தேவை. தனியார் பல்கலைக்கழகங்களுக்குக் கிரெடிட் அமைப்பு தனியாக இருக்கும், ஆனால் பெரிய கிரெடிட் பாடம் ஒன்று சறுக்கினால் எல்லாம் சறுக்கும் என்ற கணக்கு எங்கும் ஒன்றுதான். தமிழ்வழியில் படித்து வருகிற பிள்ளைக்கு முதல் செமஸ்டர்தான் இறுக்கும். பாடம் புரியாததால் அல்ல, கேள்வித்தாளின் ஆங்கிலம் பழகும் முன்பே தேர்வு வந்துவிடுவதால். இரண்டாம் ஆண்டில் அதே பிள்ளை 8.8-க்குப் போகும், அதற்குள் ஸ்காலர்ஷிப் போயிருக்கும்.

ஆகவே எழுத்தில் கேட்க வேண்டியவை இவை. செமஸ்டருக்குச் செமஸ்டர் பார்ப்பார்களா, ஆண்டுச் சராசரியைப் பார்ப்பார்களா? அரியர் என்பது ஸ்டாண்டிங் அரியரா, ஹிஸ்டரி ஆஃப் அரியரா? முன்னதென்றால் துணைத் தேர்வில் பாஸ் செய்துவிட்டால் தப்பலாம். பின்னதென்றால் ஒரு முறை விழுந்தாலே கதை முடிந்தது. ஒரு முறை போன சலுகை மதிப்பெண் ஏறினால் திரும்ப வருமா? வருகைப்பதிவு 75%-க்குக் கீழே போனால் போய்விடுமா? அம்மைநோய், விபத்து என்று விடுப்பு எடுத்தால்? பிராஞ்ச் மாறினால்? கடிதத்தின் கடைசி வரியில் "நிர்வாகத்தின் முடிவே இறுதியானது" என்று இருந்தால் மேலே எழுதியிருக்கிற எதற்கும் பலம் இல்லை. அந்த வரியோடு வருகிற நூறு சதவீதத்தைவிட அந்த வரி இல்லாத ஐம்பது சதவீதம் மேல்.

பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். போனில் பேசுகிறவர் சேர்க்கைக்காக வைத்த ஆள். ஆகஸ்டுக்குப் பிறகு அந்த எண்ணை எடுக்க மாட்டார்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான், உங்கள் கடிதத்தில் இருப்பதை இந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். முதல் கல்லூரி முழு டியூஷனையும் விலக்குகிறது. பிற கட்டணம் 45,000, பஸ் 45,000, ஆக ஆண்டுக்கு 90,000. ஆசைப்பட்ட கல்லூரி நகரத்தின் தென்கோடியில். டியூஷன் 55,000, குடும்பத்தில் முதலில் டிகிரி படிக்கிறவருக்கு அரசு தருகிற முதல் பட்டதாரிச் சலுகை 25,000 கழித்தால் 30,000, பிற கட்டணம் 40,000, ஹாஸ்டலும் மெஸ்ஸும் ஒரு லட்சம், ஆக 1,70,000. வித்தியாசம் ஆண்டுக்கு 80,000, நான்கு ஆண்டுக்கு 3,20,000. ஸ்காலர்ஷிப் காப்பாற்றித் தருகிற பணம் இவ்வளவுதான்.

முதல் ஆண்டு முடிவில் சலுகை போனால்? மூன்று ஆண்டுக்கு முழு டியூஷன், முதலில் பார்த்த ஆண்டு ஃபீஸ் 3,20,000 வீதம் 9,60,000 கூடுதல். லாபம் 3.2 லட்சம், நட்டத்துக்கு வாய்ப்பு 9.6 லட்சம். சலுகை போகிற வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கு மேல் என்று நீங்கள் நினைத்தால் கணக்குப்படி அந்தக் கடிதம் தோற்கிறது. அந்த நிலையில் கல்லூரியை விட்டுவிட்டு வரலாமே என்றால் அதுவும் சுலபமில்லை. கவுன்சிலிங்கில் நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை டிப்ளமோ, பி.எஸ்சி. முடித்தவர்களுக்குத்தான். ஒரு ஆண்டை இழந்து மறுபடி முதல் ஆண்டில் உட்கார வேண்டும்.

அந்த வாய்ப்பை எப்படி எடை போடுவது? இதற்கு ஒரு நல்ல கருவி இருக்கிறது, பெரும்பாலான பெற்றோர் கண்ணில் அது படுவதில்லை. தேசியத் தரவரிசைக்காக, அதாவது என்ஐஆர்எஃப்-க்காக, கல்லூரிகள் கொடுக்கிற தரவுத்தாள் அவர்களுடைய இணையதளத்திலேயே இருக்கும். அதில் நிறுவனத்தின் சொந்த நிதியிலிருந்து முழு டியூஷன் ஃபீஸும் திரும்பப் பெறுகிற மாணவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் உண்டு. ஆயிரக்கணக்கில் படிக்கிற இடத்தில் அந்த எண் சில பத்துகளில் இருந்தால், மேடையில் வாரி வழங்குகிற 'நூறு சதவீதம்' எத்தனை பேரிடம் நான்காம் ஆண்டு வரை நிற்கிறது என்று ஊகிக்கலாம். அதே தாளில் குறித்த காலத்தில் பட்டம் முடித்தவர்கள், வேலை பெற்றவர்கள், அவர்களது மீடியன் சம்பளம் எல்லாம் இருக்கும். பேனரில் போடுகிற 'அதிகபட்ச பேக்கேஜ்' ஒருத்தருடையது. மீடியன் நடுவில் நிற்கிறவருடையது. தன்னாட்சி இல்லாத கல்லூரி என்றால் அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர்தோறும் வெளியிடுகிற தேர்ச்சி விகிதப் பட்டியலையும் பாருங்கள்.

கவுன்சிலிங் சீட்டின் பக்கம் வருவோம். அதன் பலம் ஃபீஸ் குறைவு என்பதோடு முடிவதில்லை. அரசுச் சலுகைகள் பல அதோடுதான் ஒட்டிக்கொண்டு வருகின்றன. முதல் பட்டதாரிச் சலுகை கவுன்சிலிங்கில் வந்தவர்களுக்கு மட்டும், மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5% ஒதுக்கீட்டில் டியூஷன், ஹாஸ்டல், கவுன்சிலிங் கட்டணங்களை அரசே ஏற்கிறது. மாநகராட்சிப் பள்ளியும் இதில் சேரும். அரசு உதவிபெறும் பள்ளி சேராது. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் மிஷன் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் பலர் இந்த வேறுபாடு தெரியாமல் நம்பிக்கொண்டிருப்பார்கள், இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள். பெண் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ-யின் பிரகதி உதவித்தொகை, ஆண்டுக்கு 50,000. வருமான வரம்பு 8 லட்சம், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை. தகுதி வரிசையில்தான் தேர்வு, ஆகவே கைக்கு வரும் வரை கணக்கில் சேர்க்க வேண்டாம்.

முதல் பட்டதாரிச் சான்று இ-சேவை மையத்தில் விண்ணப்பிப்பது. கெட்டுப்போகிற இடம் ஒன்றுதான்: குடும்ப அட்டையில் இருக்கிற எல்லோருடைய படிப்புக்கும் ஆதாரம் கேட்பார்கள். அண்ணன் அஞ்சல்வழியில் டிகிரி முடித்திருந்தாலும் சான்று கிடைக்காது. அக்கா ஏற்கெனவே அதே சலுகையில் படித்திருந்தால் தம்பிக்கு இல்லை. ரிசல்ட்டுக்கு முன்பே எல்லோருடைய டிசி நகலையும் எடுத்து வைத்துவிட்டால் அலைச்சல் இல்லை.

தூரத்தைப் பற்றி வடசென்னைக்காரர்கள் கூடுதலாகவே பயப்படுகிறார்கள். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு திருவொற்றியூர், காலடிப்பேட்டை, டோல்கேட் பக்கத்திலிருந்து கிண்டிக்கு வண்டி மாறாமல் போகலாம். அதிகபட்சக் கட்டணம் 50 ரூபாய். கார்டிலோ க்யூஆரிலோ எடுத்தால் 20% தள்ளுபடி. மாதம் 24 நாள் போய் வர 1,920 ரூபாய், பத்து மாதத்துக்கு 19,200. ஹாஸ்டல் ஒரு லட்சத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கிண்டி, சைதாப்பேட்டைச் சுற்றுவட்டாரக் கல்லூரி என்றால் ஹாஸ்டலே வேண்டாம், மேலே போட்ட 80,000 வித்தியாசம் அநேகமாகக் காணாமல் போகும். ஓஎம்ஆரின் கோடியிலோ ஸ்ரீபெரும்புதூர் தாண்டியோ இருந்தால் அது வேறு கதை. விடியற்காலை ஐந்தரைக்குக் கல்லூரி பஸ் பிடித்து, இரவு ஏழுக்குத் திரும்புகிற பிள்ளை 8.5 எடுக்கும் என்று நம்பக் கூடாது. எதிர்த்திசையும் இருக்கிறது: பொன்னேரி, கவரைப்பேட்டைப் பக்கத்துக் கல்லூரிக்குக் கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயில் சீசன் டிக்கெட் எடுத்தால் பஸ் ஃபீஸே மிச்சம். ஆனால் பஸ் கட்டாயம் என்று சொல்கிறார்களா, கேட்டுக்கொள்ளுங்கள்.

மிச்சப் பணத்துக்குக் கடன். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம், வட்டி 10% என்று வைத்தால், படிக்கும் காலமும் அதன்பின் ஓராண்டும் சேர்ந்து தனிவட்டி 1,40,000 ஏறும். 5,40,000-ஐ ஏழு ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 8,965. இந்தத் தொகையைக் கல்லூரியின் மீடியன் சம்பளத்தோடு ஒப்பிடுங்கள். கைக்கு வருகிற சம்பளத்தில் நாலில் ஒரு பங்கைத் தாண்டினால் எச்சரிக்கை. குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, தொழிற்கல்வி, தகுதியான கல்லூரி என்றால் படிக்கும் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் உரிய வட்டியை மத்திய அரசு மானியமாகக் கட்டும். 5,40,000 மறுபடி நாலு லட்சமாகி மாதத் தவணை 6,640-க்கு இறங்கும். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில் பட்டியலிட்ட நிறுவனங்களுக்குப் பிணையும் ஜாமீனும் கேட்காமல் கடன் உண்டு. எட்டு லட்சம் வரை வருமானமுள்ள வீட்டுக்குப் பத்து லட்சம் வரையிலான கடனுக்கு 3% வட்டிச் சலுகை. இரண்டு கல்லூரியும் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

வங்கியில் கோப்பு நின்றுபோவதற்குப் பெரும்பாலும் காரணம் கல்லூரி தருகிற கட்டணத் தாள். முதல் ஆண்டுக்கு மட்டும் எழுதிக் கொடுத்தால் அதற்கு மட்டும்தான் சாங்ஷன் ஆகும். மெஸ் கட்டணம் விட்டுப்போனால் கடனிலும் விட்டுப்போகும். நான்கு ஆண்டுக்கும், தலைப்பு வாரியாக, முத்திரையோடு வாங்குங்கள். இணைக் கடன்தாரராக வருகிற அப்பாவோ அம்மாவோ குழுக்கடனில் தவணை தவறியிருந்தால் அதை முதலில் சரிசெய்துவிட்டுப் போங்கள்.

காலக்கெடுதான் இந்த வியாபாரத்தின் உண்மையான ஆயுதம். ஸ்காலர்ஷிப் கடிதம் மே மாதத்தில் பணம் கேட்கும். கவுன்சிலிங் தரவரிசைப் பட்டியல் வழக்கமாக ஜூன் கடைசியில், சீட் ஒதுக்கீடு ஜூலையில். கைக்கு எட்டாததை நினைத்துக் கையில் இருப்பதை விடலாமா என்ற பயத்தைத்தான் விற்கிறார்கள். காசிமேட்டுக் குடும்பங்களுக்கு இது இன்னும் கொடுமை: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, வீட்டில் காசு புழங்காத அதே நாட்களில்தான் "நாளைக்குள்ள" என்பார்கள். நகையை அடகு வைத்து பிளாக் செய்வதற்கு முன் ஒரு வேலை செய்யலாம். கணிதம் நூறு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பது என்று கட்-ஆஃபை நீங்களே போட்டு, உங்கள் சமூகப் பிரிவுக்கு ஆசைப்பட்ட கல்லூரியில், அதே பிராஞ்சில், கடந்த ஆண்டு எந்த மதிப்பெண்ணில் மூடியது என்று பாருங்கள். உங்கள் மதிப்பெண் அதைவிட இரண்டு மூன்று கூடுதலாக இருந்தால் தைரியமாகக் காத்திருக்கலாம். குறைவாக இருந்தால் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே கவுன்சிலிங்குக்கும் பதிவு செய்யுங்கள்; கட்டணம் 500, பட்டியலினத்தவருக்கு 250. ஒன்று மற்றொன்றைத் தடுக்காது.

மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஆசைப்பட்ட கல்லூரியை வாங்குவதா, ஸ்காலர்ஷிப்பா என்ற கேள்வியும் வரும். அங்கே கடிதத்துக்கே ஓட்டு. கோட்டா சீட்டில் முதல் பட்டதாரிச் சலுகை இல்லை, கட்டணமும் ஏறும், ரசீது இல்லாமல் கேட்கிற 'டொனேஷன்' 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

பத்தாயிரம் கட்டிவிட்டீர்கள், பிறகு ஜூலையில் நல்ல சீட் வந்துவிட்டது என்றால்? பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2018-இல் வெளியிட்ட விதி தெளிவாக இருக்கிறது. சேர்க்கைக்கு அறிவித்த கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ முன்பு விலகினால் முழுத்தொகையும் திரும்ப வேண்டும். செயலாக்கக் கட்டணம் என்று பிடித்தாலும் அது கட்டிய தொகையில் 5%-ஐத் தாண்டக் கூடாது, அதிகபட்சம் ஐந்தாயிரம். கடைசித் தேதி நெருங்கிய பதினைந்து நாளுக்குள் விலகினால் 90%, தேதிக்குப் பின் பதினைந்து நாள் வரை 80%, முப்பது நாள் வரை 50%, அதற்கு மேல் ஒன்றுமில்லை. அதனால் சேரும் நாளிலேயே அந்தக் கடைசித் தேதி எது என்று எழுத்தில் வாங்கி வையுங்கள். விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பி, நேரிலும் ஒரு நகலில் சீல் வாங்குங்கள். அசல் டிசியையும் மார்க் ஷீட்டையும் சரிபார்த்ததும் அன்றே திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. "ஒரிஜினல் எங்ககிட்ட இருக்கட்டும்" என்று சொல்கிற கவுண்டரில் பணம் கட்டாதீர்கள்.